போகாமல் நின்ற துன்மதி

துன்மதி வருசம் முடிந்து துந்துபி பிறந்தபோது மற்ற ஊர்களிலெல்லாம் பழையது போய்ப் புதியது வந்தது என்றும், நெடுங்கரிசலில் மட்டும் புதியது வந்த பிறகும் பழையது போகாமல் டீ மாஸ்டர் தவசிலிங்கத்தின் முகத்தில் தாடியாக நின்றுவிட்டது என்றும் அந்தக் கரிசல் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் தாடியைப் பற்றி இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். தாடி முளைப்பது பெரிய காரியமில்லை. அந்தத் தாடியிடம் அவன் பெண்டாட்டி அன்னக்கனி என்ன கேட்டாள், எங்கே வைத்துக் கேட்டாள் என்பதைத்தான் உட்கார்ந்து சொல்வார்கள்.

அந்த ஊர் வழக்கம் இது. பங்குனிக் கடைசி நாள் மத்தியானம் வெயில் சாய்ந்ததும் ஒருவன் கற்றாழை நாரில் இடுப்புவரை தொங்கும் தாடி கட்டி, கிழிந்த கோட்டு மாட்டி, கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்து, போகப்போகிற வருசமாகத் தெருத்தெருவாக வருவான். என்ன கொண்டுவந்தே, என்னத்தைக் கொண்டுபோறே என்று வாசலுக்கு வாசல் மறித்துக் கேட்பார்கள். அந்தந்த வீட்டில் அந்த வருசம் நடந்த கூத்தையெல்லாம் அவன் வருசத்தின் வாயால் சொல்ல, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கடைசியில் ஊருணியில் மூன்று முழுக்குப் போட்டுத் தாடியைத் தண்ணீரில் விட்டால் வருசம் போய்விட்டது. பன்னிரண்டு வருசமாக அந்த வேசம் தவசிலிங்கத்துக்குத்தான். நாள் முழுக்க டீ ஆற்றுகிறவன் காதில் விழாத சங்கதி ஏது.

துன்மதியில் சிரிக்க அதிகம் இல்லை. புரட்டாசி இருபத்திரண்டு, வியாழக்கிழமை, ஊருக்கு மேற்கே இருந்த பட்டாசு ஆலையில் மூன்றாம் நம்பர் அறை வெடித்து உள்ளே இருந்த ஏழு பெண்களும் போனார்கள். அதில் ஒருத்தி பூங்கனி, அன்னக்கனியின் தங்கச்சி, பத்தொன்பது வயது. தாய் செத்தபோது ஆறு வயதுப் பிள்ளையாக அக்காவின் இடுப்பில் ஏறி இந்த வீட்டுக்கு வந்தவள், பிள்ளையில்லாத அந்தப் புருசன் பெண்டாட்டிக்கு அதற்கப்புறம் பிள்ளையில்லாத குறை தெரியவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல அறையில் ஒருத்தியும் மிஞ்சவில்லை. ஆலைப் போர்மேன் ராசையாதான் விசாரணையில் சொன்னான், பூங்கனி மருந்துத் தட்டைக் கைநழுவவிட்டாள் என்று. தட்டு அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் செத்தவளைச் சபித்தார்கள். பூங்கனிக்கு ஒப்பாரி வைக்க ஒரு பெண்ணும் வரவில்லை, மூன்றாம் நாள் பாலூற்றத் தவசிலிங்கமும் அன்னக்கனியும் மட்டுமே போனார்கள். குழாயடியில் அன்னக்கனி குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் விலகின. ஆறு பேரில் ஒருத்தியின் தாய் குருவம்மாள், அதுவரை அன்னக்கனிக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தவள், என் மகளைத் தின்னவளை வளர்த்தவ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் எல்லாரும் போனபிறகுதான் அன்னக்கனி தண்ணீருக்குப் போனாள், குழாயில் அதற்குள் காற்றுதான் வரும்.

பங்குனி மத்தியில் கோயில் கமிட்டித் தலைவர் வெள்ளைச்சாமி டீக்கடைக்கு வந்து, ஜனங்கள் வாடிப்போய்க் கிடக்கிறார்கள், இந்த வருசம் வேசம் கட்டாமல் விடக்கூடாது, ஆனால் ஆலை விசயத்தை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். திருவிழாப் பந்தலே ஆலை முதலாளி உபயம். அன்னக்கனி இதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, நீங்க கழுதையில ஏறினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன் என்றாள். தவசிலிங்கம் அணைந்த அடுப்பின் முன்னால் குந்தினான்.

"சிரிக்கவச்சாத்தான் இந்த ஊரு நம்மளைக் கிட்ட சேர்க்கும், அன்னம்," என்றான். "சிரிச்சவன் மறுநாள் முகத்தைத் திருப்ப மாட்டான். உனக்கு ஒரு குடம் தண்ணிக்கு இடம் விடுவாங்க."

அவள் போகவில்லை. போக அவளுக்கு வேறு இடமும் இல்லை.

அன்றைக்கு அவன் சிரிக்கவைத்த மாதிரி முன்னே எப்போதும் சிரிக்கவைத்ததில்லை. புதுக் கிணற்றைத் திறந்துவைக்க வந்த அதிகாரி உள்ளே தண்ணீர் இல்லாததைப் பார்த்து, பக்கத்து ஊரிலிருந்து இரண்டு குடம் கொண்டுவரச் சொல்லி ஊற்றித் திறந்துவைத்ததைச் சொன்னான். எருமை ஒன்று தபால்காரரின் பையைத் தின்றதில் மூன்று வீட்டுப் பெண்பார்க்கும் கடிதங்கள் உள்ளே போய்விட, மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் எருமையின் சம்மதத்துக்காகக் காத்திருப்பதைச் சொன்னான். ஆனி மாசக் காற்றில் டூரிங் கொட்டகைக் கூரை பறந்து அடுத்த ஊர்க் கண்மாயில் விழ, அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் உட்கார்ந்து ராத்திரி படம் எப்போது போடுவீர்கள் என்று ஆள் அனுப்பியதைச் சொன்னான். சாவு விழுந்த ஆறு வீட்டு வாசலிலும் கழுதை நிற்காமல் நடந்தது, கயிற்றை வெள்ளைச்சாமியே பிடித்திருந்தார். ஏழாவது, அவன் சொந்த வீடு. அங்கே கழுதை தானாக நின்றது. என்ன கொண்டுவந்தே என்று யாராவது கேட்கவேண்டும், யாரும் கேட்கவில்லை. கதவிடுக்கில் நின்ற அன்னக்கனியும் கேட்கவில்லை. கழுதையை அடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருணியில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு அவன் தாடியை இழுத்தபோது தாடியோடு தாடைத்தோல் வந்தது. முடிச்சைத் தேடினான், முடிச்சு இல்லை. சவரக்கடை மாடசாமி கத்தியை எடுத்துவந்து பார்த்துவிட்டு, இது கட்டினதில்லை, முளைச்சது என்று சொல்லிக் கத்தியை மடக்கினார். கரையில் நின்றவர்கள், வருசத்துக்குப் போகப் பிரியமில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு, மறுநாள் வடைக்கு உளுந்து ஊறப்போடவேண்டும் என்று வீட்டுக்குப் போனார்கள்.

சித்திரை ஒன்று காலையில், வேப்பம்பூப் பச்சடியும் கையுமாக வந்த பக்கத்து வீட்டுக் கிழவர், வெளுத்த தாடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கேலியாகக் கேட்டார், ஏப்பா துன்மதி, என் கிடாய் எங்கப்பா போச்சு என்று. தவசிலிங்கம் சிரிக்காமல் சொன்னான்: ஆடி ஆறாம் தேதி, உச்சிவெயிலில், கிடாய் கல்லுக்கிடங்குப் பக்கம் மேய்ந்தது, பாறை வழுக்கி உள்ளே விழுந்தது, கத்திப் பார்த்தது, அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தார்கள், கொம்பும் எலும்பும் கிடந்தன. சொல்லி முடித்தபோது தாடியிலிருந்து ஒரு இழை உதிர்ந்து அவன் மடியில் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து அதே ஆடி ஆறில் தன் வீட்டில் காணாமல்போன மூக்குத்தியைக் கேட்டாள். அவன் கண்ணை மூடித் தேடிவிட்டு, அந்த நாள் என்கிட்ட இல்லையே தாயி என்றான்.

அதிலிருந்து ஊருக்கு விசயம் பிடிபட்டது. துன்மதியின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இழையாக அவனிடம் இருக்கிறது, ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது, கேட்டவருக்கு அவன் மறுக்காமல் சொல்வான், ஒரு தடவை சொன்ன நாள் உதிர்ந்து இல்லாமல் போகும். கமிட்டி கூடி ஏற்பாடு செய்தது. நாளைக்கு வைகாசி முதல் வாரம் சொல்லப்படும், அந்த வாரத்தில் கேட்க வேண்டியது உள்ளவர்கள் வரவும் என்று தண்டோரா போட்டார்கள். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை கயிறு கட்டி, மோர்ப்பானை வைத்து, அடுத்த வீட்டுச் சங்கதியை யாரும் கேட்கக்கூடாது என்று விதி போட்டார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் அங்கேயே கூடையை இறக்கினாள். ஒரு வாரத்தில் அது வாரச்சந்தை மாதிரி ஊருக்குப் பழகிவிட்டது.

முதலில் மூக்குத்தியும் கோழியும் சாவியும் கேட்டார்கள். யார் முதலில் கை ஓங்கியது என்று அண்ணன் தம்பி இருவர் கேட்டார்கள், தெரிந்தபின் முன்னைவிட மோசமாகப் பிரிந்தார்கள். அப்புறம் கேள்விகள் மெதுவாக மாறின. சாகும் நாளில் அப்பா யார் பேரைச் சொன்னார் என்று ஒருவன் கேட்டான். பிறந்த அன்றைக்கே செத்துப்போன பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி, நான் மயங்கிக் கிடந்துவிட்டேன், அவன் கண் திறந்தானா என்று கேட்டாள். "ரெண்டு தடவை திறந்தான்," என்றான் தவசிலிங்கம். "ரெண்டாவது தடவை உன்னைத்தான் பார்த்தான்." அவள் அந்த இழையைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

எல்லா நாளுக்கும் தண்டோரா போட்டார்கள், புரட்டாசி இருபத்தொன்றுக்கு அடுத்தது இருபத்திமூன்றுக்குத்தான் போட்டார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் வாய் திறக்கவில்லை. பிள்ளை எப்படித் துடித்தாள் என்று கேட்க யாருக்கு நெஞ்சு வரும். அன்னக்கனியும் கேட்கவில்லை, அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. அந்த நாள் ஆலையில் தொடங்கவில்லை. அவள் வீட்டு அடுப்படியில் தொடங்கியது, அங்கே அவள் பேசிய வார்த்தை ஒன்று இருந்தது. அது அவளையும் செத்தவளையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது புருசனுக்கும் தெரியும். அவன் சோறு சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அவனாக ஒருநாளும் எடுக்கவில்லை, கேட்காததைச் சொல்ல வருசத்துக்கு வாய் கிடையாது.

இழை உதிர உதிர அவனும் குறைந்தான். பக்கத்து வீட்டு ஓலைக்கூரை எப்போது ஓடானது என்று கேட்பான். போன வருசம் வெட்டிய புளியமரம் இருந்த இடத்தில் நிழலைத் தேடுவான். துந்துபி வைகாசி முடிவதற்குள் மார்பு தெரிந்தது, தாடை தெரிந்தது, கடைசியில் ஒரே ஒரு இழை, தாடை நடுவில், காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. அதுவும் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்னக்கனி பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய்க் கேட்டாள். வருசம் போய்விடும் அம்மா என்றார் அவர். போகிறபோது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் வெள்ளைச்சாமியும் போர்மேன் ராசையாவும் வீட்டுக்கு வந்தார்கள். ராசையா சட்டை முழுக்க வேர்த்திருந்தான். மாஸ்டரிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவேண்டும் என்றான். அன்னக்கனிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மூடிய அறைக்குள் ராசையா காதுக்கு மட்டும் சொல்லப்பட்டால் அந்த நாள் உதிர்ந்துவிடும், அதற்கப்புறம் உலகத்தில் யார் வந்து கேட்டாலும் புரட்டாசி இருபத்திரண்டு யாரிடமும் இருக்காது, கோப்பில் எழுதியது மட்டும் இருக்கும். அவருக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல், அப்படியென்றால் நாளைக் காலையில் ஆலை ஜீப் வரும், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம், போர்மேன் கூடப் போவார் என்றார்.

அவர்கள் போனபிறகு அவள் உள்ளே வந்து புருசன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டால் தன் வார்த்தை வெளியே வரும், புருசனும் போகலாம். கேட்காவிட்டால் தங்கச்சி என்றைக்கும் ஆறு பேரைக் கொன்றவள். தவசிலிங்கம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஊர்ப் பெண்கள் முழுக்க வரிசையில் நின்றார்கள். அன்னக்கனி குடம் இல்லாமல், புருசன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குழாய் மேடையில் அவனை உட்காரவைத்தாள். குடங்கள் வழக்கம்போல விலகின. ஆறு வீட்டுப் பெண்களும் அங்கே இருந்தார்கள், குருவம்மாள் முதல் குடத்துக்காரியாக நின்றாள். அன்னக்கனி யாரையும் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"துன்மதி, புரட்டாசி இருபத்திரண்டைச் சொல்லு. எதையும் விடாமச் சொல்லு. நான் பேசினதையும் சொல்லு."

அவன் சொன்னான். கேலி பேசும் குரலும் இல்லை, டீக்கடைக் குரலும் இல்லை.

"என் புரட்டாசி இருபத்திரண்டு, காலையில, பூங்கனி அடுப்படிக்கு வந்து, அக்கா, நேத்து கலந்த மருந்து மிஞ்சிப்போச்சு, மூடி வச்சிருக்காங்க, சாயந்தரமே தொட்டா சூடா இருந்துச்சு, இன்னைக்கு நான் போகல அப்படின்னா. தீபாவளிக்கு முன்னால சோம்பேறிக்கு ஒரு சாக்கு வேணும், போடின்னு நீ சொன்ன. தூக்குவாளியை எடுத்துக்கிட்டுப் போனா. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில ஏழு பேரை உட்காரவச்சாங்க. மருந்து சூடா இருக்கு அண்ணாச்சின்னு அவ ராசையாகிட்டச் சொன்னா. இருந்தா இரு, இல்லைன்னா வீட்டுக்குப் போ, உன் இடத்துக்குப் பத்துப் பேர் நிக்கிறாங்கன்னான். பத்தரைக்கு அதிகாரி ஜீப்பு வருதுன்னு சொன்னாங்க. ஏழு பேரை அவர் பார்த்துடக்கூடாதுன்னு ராசையா கதவை வெளியே தாழ் போட்டுட்டு வாசலுக்குப் போயிட்டான். தட்டுல மருந்து புகைய ஆரம்பிச்சுது. மத்த ஆறு பேரையும் பின்சுவத்துக்குப் போகச் சொல்லிட்டு அவ தட்டைக் கையில ஏந்திக்கிட்டு, வெளிய கொண்டுபோய் மணல்ல கொட்டலாம்னு கதவுகிட்ட வந்தா. கை ரெண்டுலயும் தட்டு. காலால கதவைத் தட்டினா. அண்ணாச்சி திறங்க, அண்ணாச்சி திறங்கன்னு ஏழு தடவை தட்டினா. தட்டை அவ கீழ போடல. கடைசிவரைக்கும் போடல."

இழை உதிர்ந்து குழாய்த் தண்ணீரில் விழுந்து, சாக்கடையோடு போனது.

ஜீப்பில் வந்த ராசையா, குழாயடிச் சாலையில் பெண்கள் குறுக்கே நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பிப் போனான். அப்புறம் நடந்தது இவ்வளவுதான். தாசில்தார் ஆபீசுக்குப் போனவர்களிடம், போன வருசத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கோப்பில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கோப்பில் பூங்கனி பேர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வெடித்ததிலிருந்து மூடிக்கிடந்த ஆலையும் ஆடியில் திறந்தது, ஊர்ப் பெண்கள் வேறு வழியில்லாமல் அங்கேயே வேலைக்குப் போனார்கள், போன முதல் நாள் காலையில் எல்லா அறைக் கதவுகளிலும் இருந்த வெளித்தாழ்ப்பாளைக் கல்லால் அடித்துக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தார்கள். ராசையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. அதற்கப்புறம் அவன் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அது பின்னால் நடந்தது. அன்று காலை குழாயடியில், இழை விழுந்த பிறகு, ஒரு குடமும் குழாய்க்குக் கீழே போகவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் வழுவழுப்பான தாடையைத் தடவிப் பார்த்தான். துன்மதிக்கு முந்தின பங்குனி வெயிலில் டீக்கடைக்குப் புறப்பட்ட மனிதன் மாதிரி கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தான். பெண்கள் கூட்டத்தில் தான் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று கூச்சப்பட்டு மேடையை விட்டு இறங்கினான். அன்னக்கனியைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"என்ன அன்னம், வெயில் இவ்வளவு ஏறிப்போச்சு," என்றான். "பூங்கனியை எழுப்பலையா?"

வருசம் போய்விட்டது, தன்னுடையது எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு அந்தப் பிள்ளை வீட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். குருவம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அன்னக்கனியிடம் வந்தாள், எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் தோளைத் தொட்டாள்.

"நான் சொல்லட்டுமா தாயி. உன்னால முடியாது."

"வேண்டாம்க்கா," என்றாள் அன்னக்கனி. "நாந்தான் சொல்லணும்."

அவள் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பெண்கள் குடங்களை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். வீட்டு வாசலில் அவள் முதலில் அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அடுப்படியிலிருந்து தொடங்கினாள். தான் சொன்ன வார்த்தையை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. புரட்டாசியில் பிணத்தை வாங்கவும் குழி வெட்டவும் ஆள் கிடைக்காமல் அலைந்ததில் அழ நேரமில்லாத மனிதன், இப்போது முதல் தடவையாகக் கேட்கிறவன், கேட்கக் கேட்கக் கையிரண்டும் தரையைத் துழாவ, பிள்ளை பெறுகிறவள் மாதிரி முனகிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். தெருவில் குருவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு பூங்கனி பேரைச் சொல்லி முதல் ஒப்பாரியை எடுத்தாள், ஆறு வீட்டுப் பெண்களும் தெருப்புழுதியில் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்துகொண்டார்கள். அவளுக்கு வைக்காமல் போன ஒப்பாரி அன்றைக்கு வெயில் சாயும்வரை நிற்கவில்லை.

தவசிலிங்கம் அவளை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அழுகை ஓய்ந்து வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கி, சரியாகக் கேட்டோமா என்று சந்தேகப்படுகிறவன் மாதிரி, ஒன்றே ஒன்று கேட்டான்.

"கதவைத் தட்டினாளா?"

"தட்டினா," என்றாள் அன்னக்கனி.